புழுக்கள் மட்டும் கேட்ட ஆல்பம்

பாட்டைக் கேட்ட அத்தனை பேரும் கடைசி வரை எழுந்து போகாமல், வாயையும் மூடாமல், மென்றுகொண்டே கேட்டார்கள் என்ற பெருமை உலகத்தில் புழுக்காரர் ஒருவருக்குத்தான் உண்டு. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. புழுக்காரர் எட்டுப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்து, தானே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார்.
2. அதைத் தர்மபுரி மாவட்டத்தில் லட்சக்கணக்கானோர் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டார்கள்.
3. அந்த லட்சக்கணக்கானோரும் பட்டுப்புழுக்கள்.
4. மனிதர்களில் ஒருவர்கூட முழுதாகக் கேட்கவில்லை.
5. ஆடிப் பதினெட்டுக்குள் ஒரே ஒரு மனிதர் தானாகக் கேட்டு, ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், கிடாரை ஒகேனக்கல்லில் ஆற்றோடு விட்டுவிடுவதாகப் புழுக்காரர் அறிவித்தார்.
6. ஆடிப் பதினெட்டும் வந்தது. கிடார் வண்டியில் ஏறியது. கூடவே நானும் ஏறினேன்.

இந்த வாரம் ஒரு புது ஆல்பத்தைப் பாராட்டி எழுதுகிறேன் என்று ஆசிரியரிடம் சொன்னபோது, "பாடகர் பேரு?" என்று கேட்டார். "புழுக்காரர்" என்றேன். பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, எழுதுங்க" என்றார். வேறு யாரும் கட்டுரை தரவில்லை போலிருக்கிறது.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். கம்பைநல்லூர் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அதில் எதெல்லாம் உடைந்திருக்கிறது என்று வரிசை எண் போட்டுச் சொல்வேன். உடையாமல் இருப்பதைப் பற்றிச் சொல்லிப் பழக்கமில்லை. பாராட்டு எங்காவது குறைபாட்டுப் பட்டியல் போல ஒலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் நான் பிழை பிடிக்கிறேன். கீழே, தோட்டத்து ஷெட்டில், அம்மா பட்டுப்புழு வளர்க்கிறார். அப்படித்தான் புழுக்காரர் எங்களுக்குப் பழக்கம்.

பட்டுப்புழு பிறந்தவுடன் விவசாயி வீட்டுக்கு வருவதில்லை. முட்டை பொரித்து, குஞ்சுப் புழு இரண்டு முறை தோல் உரிக்கும் வரை ஒரு நிலையத்தில் வளர்ப்பார்கள். அதற்குப் பிறகு தட்டுத் தட்டாக அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, குட்டி யானை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். எங்கள் பக்கத்துக்கு அவர்தான் அந்த ஒருவர். அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கிறதாம். வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள் முதல் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் வரை எல்லாருக்கும் அவர் புழுக்காரர்தான். அம்மாவை அவர் அக்கா என்பதால் எனக்கு மாமா.

மாமாவின் வண்டியை யாரும் முந்திச் செல்லாமல் இருந்ததில்லை. சைக்கிள் முந்தும். ஒருமுறை தண்ணீர்க்குடம் தூக்கிய ஒரு பெண்மணி முந்தியதை நானே பார்த்தேன். வண்டி குலுங்கினால் புழு பயந்துவிடும் என்பது அவர் கொள்கை. ஹாரன் அடித்தால் அதைவிடப் பயந்துவிடுமாம்.

"மாமா, புழுவுக்குக் காதே கிடையாது. நான் படிச்சுப் பாத்துட்டேன்."

"காது இல்லைன்னா கேக்காதா பாப்பா? நம்மூர்ல எல்லாருக்கும் ரெண்டு காது இருக்குது. எவன் கேக்கறான்?"

ஹாரன் அடிக்க முடியாததால், வழியில் யாராவது குறுக்கே வந்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பாடுவார். அவருடைய இசை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. ஆல்பத்தின் முதல் பாட்டு மொரப்பூர் சாலையில் நடுவில் படுத்திருந்த ஓர் ஆட்டை எழுப்புவதற்காகப் பாடியது.

"அக்கா, அக்கா, ஆடு உங்களுதா?
ரோட்டுல குந்திப் பஞ்சாயத்துப் பேசுது!"

ஆட்டுக்காரம்மா சும்மா இருக்கவில்லை. "ஆடு என்னுதுதான்யா, ரோடு உங்கொப்பன் போட்டதா?" என்று திரும்பக் கத்தினார். மாமா வண்டியை ஓரங்கட்டி, அதை அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டாம் சரணம் அதுதான். ஆல்பத்தில் வார்த்தைகள் என்ற இடத்தில் "புழுக்காரர் மற்றும் ஆட்டுக்காரம்மா" என்று போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.

கிடார் வந்த கதை தனி. பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் காவலாளியாக இருந்த காலத்தில், அறையைக் காலி செய்துவிட்டுப் போன யாரோ ஒரு பையன் குப்பைத் தொட்டியில் சாய்த்துவிட்டுப் போனது அது. அதில் ஐந்து கம்பிகள் இருந்தன. கிடாருக்கு ஐந்து கம்பி என்று நினைத்தே அவர் பல வருடம் வாசித்துப் பழகிவிட்டார். ஆறாவது கம்பி ஒன்று உண்டு என்று படத்தைக் காட்டி விளக்கினேன். தன் கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"எண்ணு."

"அஞ்சு விரல் மாமா."

"ஆறாவது கம்பிக்கு வெரலு யாரு குடுப்பா, நீயா?"

அந்த வாசிப்பைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். வேறு யாராவது வாசித்தால் அதைக் குறை என்று எழுதியிருப்பேன். இவர் வாசிக்கும்போது, இல்லாத கம்பி வர வேண்டிய இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி விழுகிறது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது வயிற்றில் விழுமே, அந்த மாதிரி. அந்த இடைவெளியில் மாதேஷ் அண்ணனின் பம்பை வந்து உட்காருகிறது. மாதேஷ் அண்ணன் மாரியம்மன் திருவிழாக்களில் பம்பை அடிப்பவர். கிடாரை அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஒத்திகையின் முதல் நாள், "இது ஏன் இவ்ளோ மெதுவா அழுவுது, அடி விழுந்துச்சா?" என்று விசாரித்தார்.

பாட்டை என் லேப்டாப்பில் பதிவு செய்து, இரைச்சல் நீக்கித் தருவது என் பொறுப்பு என்று ஆனது; அதற்கு இடம் வேண்டுமே. அடுத்த புழு வருவதற்குள் ஷெட்டைக் கழுவி, மருந்தடித்து, மூடி வைத்திருக்கும் நாட்கள் உண்டு. தடித்த சுவர், சுற்றிலும் வலை, ஈரச் சாக்கு, பக்கத்தில் சாலை கிடையாது. எதிரொலி துளியும் இல்லை. இதைவிட நல்ல ஒலிப்பதிவுக் கூடம் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. ஆனால் அது அம்மாவின் கோட்டை. அம்மா விதிகளைச் சொன்னார். குளிக்காமல் வரக் கூடாது. பவுடர், சென்ட், ஊதுபத்தி, பீடி எதுவும் ஆகாது. வாசலில் உள்ள தொட்டியில், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில், காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே வரும் எந்தப் பொருளையும் அதே தண்ணீரால் துடைக்க வேண்டும்.

"பம்பையையுமா அக்கா?" என்றார் மாதேஷ் அண்ணன்.

"பம்பை ஊரெல்லாம் சுத்திட்டு வந்ததுதான?"

துடைத்தார்கள். தோல் நனைந்து, சுருதி தொப்பென்று இறங்கிவிட்டது. காயும் வரை காத்திருக்க அம்மா அனுமதிக்கவில்லை. மாமா தன் குரலை அதற்கேற்றபடி இறக்கிக்கொண்டார். மூன்றாவது பாட்டில் அவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருப்பதற்கு இதுதான் காரணம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. வத்தல்மலை ஏறும் சாலையைப் பற்றிய பாட்டு அது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தாளம் மாறும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கு லேசாகக் குமட்டல் வருகிறது. பாட்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

அந்தப் பாட்டைப் பதிவு செய்யும்போதுதான், தோட்டத்து வழியாகப் போன முனியம்மா அத்தைக்குப் பம்பைச் சத்தம் கேட்டுச் சாமி வந்துவிட்டது. முடியை அவிழ்த்துக்கொண்டு ஷெட் வாசலில் ஆட ஆரம்பித்துவிட்டார். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். முதல் ரசிகரே தெய்வம். பாட்டை நிறுத்தாமல், ஆத்தாவைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். நாலாவது வளைவுக்கு வரும்போது அத்தை சட்டென்று நின்றார். முடியை அள்ளிக் கொண்டையாக முடிந்துகொண்டு, "எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று கிளம்பிவிட்டார்.

"ஆத்தா பாதிப் பாட்டுலயே மலையேறிடுச்சே, பாப்பா" என்று மாமா ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனிதர்கள் ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை என்ற விவகாரத்துக்கு அதுதான் ஆரம்பம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஆல்பம் தயாரானதும் மாமா கேட்பவர்களைத் தேடிப் புறப்பட்டார். முதலில் தனியார் பஸ் ஒன்றில் டிரைவரைப் பிடித்துப் போடச் சொன்னார். பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாம் அவரவர் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது பாட்டுக்குக் கைதட்டிய ஒருவரும் மூன்றாவது பாட்டில் இறங்கிவிட்டார். "முழுசாக் கேக்கற ஆளு வேணும்னா நானும் டிரைவரும்தான் இருக்கோம். எங்களுக்கு இன்ஜின் சத்தத்துல ஒன்னும் கேக்காது" என்றார் கண்டக்டர்.

அடுத்தது முடி திருத்தும் கடை. நாற்காலியில் துணியைப் போர்த்திவிட்டால் ஆள் எழுந்து ஓட முடியாது என்பது மாமாவின் கணக்கு. கட்டிங் இரண்டரைப் பாட்டில் முடிந்துவிட்டது. ஷேவிங்கையும் சேர்த்தால் நாலு பாட்டு. கடைக்காரர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மொட்டை அடிச்சு, மறுபடி மொளைக்கற வரைக்கும் ஒக்கார வெச்சாத்தான் உங்க ஆல்பம் முடியும்" என்றார்.

வீட்டில் மனைவியிடம் வந்து உட்கார்ந்தார். அத்தை பச்சியம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "கல்யாணமான நாள்ல இருந்து இதைத்தான கேட்டுட்டிருக்கறேன். அது கணக்குல வராதா?"

"அது ஒத்திகை."

"அப்ப வாழ்க்கை பூரா ஒத்திகையாவே போயிடுச்சு. கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க."

கடைசியில் என்னிடம் வந்தார். நான் முழுதும் கேட்டிருக்கிறேன் என்றேன். எத்தனை முறை என்று கணக்கே இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டார். "நீ இரைச்சல் எடுக்கறதுக்குக் கேட்ட. டாக்டரு என்னைக்காவது பேசன்ட்டோட மூஞ்சியைப் பாத்து அழகா இருக்குதுன்னு சொல்லியிருக்காரா?" நான் தகுதி நீக்கம் செய்யப்பட்டேன்.

அப்போது அவருக்கு அந்த யோசனை வந்தது. புழு வளர்ப்பவர்கள் ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை இலை போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஷெட்டுக்குள் நேரம் போகிறது. கையில் வேலை, காதில் வேலை இல்லை. இவர்களை விட்டால் வேறு யார் கேட்பார்கள்? பாட்டையெல்லாம் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். புழுத்தட்டோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார். எங்கள் வீட்டில் அவர் கொடுத்ததை நேரில் பார்த்தேன். அம்மாவிடம் மருந்துப் பவுடர் பாக்கெட்டை நீட்டினார். "இதைத் தோலுரிச்சு எந்திரிச்சதும் தூவுங்க அக்கா." பிறகு பென் டிரைவை நீட்டினார். "இதை இலை போடறப்ப எல்லாம் போடுங்க. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் போடணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

புழுக்காரர் இத்தனை வருடங்களில் கொடுத்த எந்தப் பொருளும் மனிதர்களுக்கானது அல்ல. தட்டு புழுவுக்கு, பவுடர் புழுவுக்கு, வலை புழுவுக்கு. இது மட்டும் தங்களுக்கு என்று யாருக்குத் தோன்றும்?

மாவட்டம் முழுவதும் நேரம் தவறாமல் புழுக்களுக்கு ஆல்பம் போட ஆரம்பித்தார்கள்.

பென் டிரைவ் வேலை செய்யாவிட்டால் கூப்பிடச் சொல்லி என் எண்ணைத்தான் மாமா எல்லாருக்கும் கொடுத்திருந்தார். முதல் அழைப்பு பாலக்கோடு பக்கத்திலிருந்து.

"ஏம்மா, இந்த மூணாவது பாட்டு வந்தா புழு தலையைத் தூக்கிட்டு நிக்குதும்மா. இலையே தொட மாட்டேங்குது."

"அது தோலுரிக்கப் போகுதுங்க. அப்படித்தான் நிக்கும்."

"மலைப் பாட்டு இல்லீங்களா, கழுத்து வலிக்குதோ என்னவோ."

இன்னொருவர், தன் புழுக்கள் ஆட்டுப் பாட்டுக்கு வேகமாகத் தின்கின்றன, அதை மட்டும் திருப்பித் திருப்பிப் போடலாமா என்று அனுமதி கேட்டார். மூன்றாமவர், தான் இரண்டு அடுக்குகளில் புழு வைத்திருப்பதாகவும், மேல் அடுக்குக்குச் சத்தம் எட்டுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டார். அலுவலகத்தில் எனக்கு வரும் புகார்களை விட இவை தெளிவாக இருந்தன.

அழைப்புகளில் பாதி, பாட்டு ஒரே நாளில் நின்றுபோய்விட்டது என்பதாக இருந்தன. எனக்குக் காரணம் புரியவே இல்லை. எங்கள் ஷெட்டிலேயே ஒரு நாள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா பென் டிரைவைத் தொட்டித் தண்ணீரில் நன்றாக முக்கி எடுத்து, உதறி, ஸ்பீக்கரில் சொருகிக்கொண்டிருந்தார்.

"அம்மா! என்ன பண்றீங்க?"

"வெளிய இருந்து வந்த சாமான். அப்படியே உள்ள எடுத்துட்டுப் போவச் சொல்றியா?"

மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாரும் தன் பாட்டைக் கேட்கிறார்கள் என்ற நினைப்பில் தினமும் தாடியைச் சீவிக்கொண்டு வண்டி ஓட்டினார். ஒரு நாள் இண்டூர் பக்கத்தில் ஒரு விவசாயியிடம், இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டே விட்டார். நான் கூட இருந்தேன். புதுப் பென் டிரைவ்கள் கொடுக்கப் போயிருந்தோம்.

"அண்ணே, பாட்டு எப்படி இருக்குது?"

"நல்லாத் தின்னுதுங்க."

"இல்லீங்க, நீங்க கேட்டீங்களா?"

"நாங்க எதுக்குங்க கேக்கறோம்? புழுவுக்குப் போட்டுட்டு வெளிய வந்துடுவோம். அது சாப்புடற நேரம். நாம நின்னு பாத்துட்டிருந்தா நல்லாருக்காதுல்ல?"

திரும்பி வரும் வழி முழுக்க மாமா பாடவில்லை. ஓர் ஆடு குறுக்கே வந்தது. அது தானாகப் போகும் வரை காத்திருந்தார். அன்று மாலைதான் எங்கள் வாசலில் நின்று அந்த அறிவிப்பைச் செய்தார்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாக்கறேன் அக்கா. ஒரு மனுசன், ஒரே ஒரு மனுசன், தானாக் கேட்டுட்டு, நல்லாருக்குதுன்னோ நாசமாப் போன்னோ சொல்லட்டும். இல்லைன்னா கிடாரைக் காவேரில விட்டுடறேன்."

அம்மா இலையை நறுக்கியபடியே, "அது கட்டை. முழுவாது" என்றார்.

"போவட்டும்."

"மிதந்துட்டே மேட்டூர் டேமுக்குப் போயிடும். அங்க எவனாவது எடுத்து வாசிப்பான்."

"வாசிக்கட்டும்."

"உன்னைவிட நல்லா வாசிச்சுட்டான்னா?"

மாமா இதை யோசித்திருக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆடி பிறந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பதினெட்டாம் நாள் காலை, கிடாரை ஈரத்துணியில் சுற்றி, புழுத்தட்டு வைக்கும் இடத்தில் படுக்கவைத்துக் கட்டினார். அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "நீ கூடப் போ. ஒத்தையா விட வேணாம். கிடாரு போனாப் போவுது, ஆளைத் திரும்பக் கூட்டிட்டு வா."

தர்மபுரியைத் தாண்டியதும் ஒகேனக்கல் போகும் கூட்டம் எங்களை முந்திப் போய்க்கொண்டே இருந்தது. பஸ்கள், வேன்கள், மஞ்சள் துண்டு கட்டிய பைக்குகள். கிடார் குலுங்கக் கூடாது என்று மாமா வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். தண்ணீரில் போடப் போகிற பொருளுக்கு எதற்கு இந்த மரியாதை என்று தோன்றியது.

பென்னாகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியைத் திருப்பினார். கொடுத்த புழு எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதும் அவர் வேலைதான். மாதம்மாள் அக்கா வீட்டுப் புழு கடைசியாகத் தோல் உரித்து எழுந்திருக்கும், பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போகலாம் என்றார்.

அக்காவின் கணவர் சின்னசாமி அண்ணன் ஷெட்டுக்கு வெளியே மல்பரிக் குச்சிகளைக் கட்டு பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

"உள்ள போவாதீங்க. பாட்டு ஓடுது."

"யாரு பாட்டு?" என்றார் மாமா.

"உங்க பாட்டுதான். நீங்க குடுத்த பாட்டுக் குச்சி செத்துப் போச்சு. கடைக்காரன் ஒன்னும் பண்ண முடியாதுன்னுட்டான். இவளே பாடறா. பாடலைன்னா புழு சரியாச் சாப்புடாதாம்."

உள்ளே போக ஒரு காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்திருந்த மாமா, அப்படியே நின்றுவிட்டார்.

மாதம்மாள் அக்கா ஆட்டுப் பாட்டில் இருந்தார். ஆட்டுக்காரம்மாவின் திட்டு வந்தபோது நிஜமாகவே திட்டினார். கிடார் வரும் இடங்களில் வாயாலேயே கிடார் வாசித்தார். இல்லாத கம்பிக்கு உண்டான இடைவெளியை, அது தவறு என்று தெரியாததால், மிகச் சரியாக விட்டார். பம்பைக்கு இலைக்கூடையின் அடிப்பக்கம். மூன்றாவது பாட்டில் குரலைக் கிணற்றுக்குள் இறக்கி, ஒவ்வொரு வளைவிலும் தாளத்தை மாற்றினார். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் இருமினார். சளி பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, "மாமா, ஃபேனை நிறுத்துங்க" என்று என் குரலில் சொன்னார். அந்த இருமலும் பேச்சும் பதிவிலிருந்து நான் வெட்டி எடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தவை.

எட்டாவது பாட்டு முடியும் வரை மாமா காலைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. முடிந்தபோது கால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

அக்கா காலிக் கூடையோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்து எவ்ளோ நேரம் ஆச்சுண்ணா? கூப்பிடக் கூடாதா?"

மாமா ஈரக் காலைத் தரையில் தேய்த்தார். "பாட்டு... நீங்க கேட்டீங்களா?" என்றார்.

"நான் எங்கண்ணா கேட்டேன்? புழுவுக்குப் போட்டது."

மாமா தலையை ஆட்டினார். வண்டிப் பக்கம் திரும்பினார். அக்கா விடவில்லை.

"நில்லுங்கண்ணா. உங்களை ஒன்னு கேக்கணும்னே இருந்தேன். நாலாவது பாட்டுல, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல கடைசி பஸ்ஸை விட்டுட்டு ஒரு பொண்ணு நிக்கறா இல்ல? வர்ற வண்டி லைட்டை எல்லாம் எண்ணிட்டே நிக்கறாளே, அந்தப் பொண்ணு. அப்புறம் வூட்டுக்குப் போனாளா?"

மாமா விழித்தார். "தெரியலீங்களே."

"தெரியலையா?" கூடை கீழே இறங்கியது. "வயசுப் பொண்ணை ராத்திரில அங்க நிக்க வெச்சுட்டு, நீங்க பாட்டுக்கு அடுத்த பாட்டுக்குப் போயிட்டீங்களே! உங்களுக்கே நல்லாருக்குதா? ஒவ்வொரு தடவை இலை போடறப்பவும் எனக்குத் திக்குன்னு இருக்குது."

"பாட்டு அங்க முடியுதுங்க. அது ஒரு..."

"பாட்டு முடிஞ்சா? அவ நிக்கறாளே! நேத்து மட்டும் எனக்குப் பொறுக்கல. நானே ரெண்டு வரி சேத்துப் பாடிட்டேன்."

"என்னன்னு?"

"அவ அண்ணங்காரன் வண்டி எடுத்துட்டு வந்துட்டான்னு."

மாமாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு கவிஞனின் கோபத்தைப் பார்த்தேன். "அண்ணன் எங்கிருந்துங்க வந்தான்? பாட்டுல அண்ணனே கிடையாது!"

"வந்தா உங்களுக்கு என்ன போச்சு?"

"அவ யாரையும் எதிர்பாக்காத பொண்ணுங்க. இண்டூர் ரோட்டுல அவ நடந்து போயிடுவா."

"அப்ப நடக்க வைங்க. நிக்க வெச்சுட்டுப் போவாதீங்க."

சின்னசாமி அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "தெனம் வூட்டுல இதே சண்டைதான். பொண்ணு போனாளா, போகலையான்னு. அது யாரு பொண்ணுன்னுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

மாமா புழுவைப் பார்க்கவே மறந்துவிட்டார். நான்தான் போய்ப் பார்த்தேன். நன்றாக இருந்தது. வண்டி பெரிய சாலைக்கு வந்தது. ஒரு பக்கம் ஒகேனக்கல், ஒரு பக்கம் வீடு. மாமா என்ஜினை அணைத்துவிட்டு, விரல்களால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். பிறகு வாயால் அடித்தார்.

"மாமா, எந்தப் பக்கம்?"

"இருட்டுல இண்டூர் ரோடு எப்படி இருக்கும் பாப்பா? நடந்து போற ஆளுக்கு?"

"தெரியல மாமா. தெருவிளக்கு கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கும்."

"அதான். அதுக்கப்புறம் என்னத்தை எண்ணிட்டுப் போவா?" என்று வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். "முதல்ல அவளை வூடு சேத்துடுவோம். கிடாரை அப்புறம் பாத்துக்கலாம்."

இப்போதைய நிலவரம் இதுதான். ஆல்பம் முடிந்துவிட்டது என்று நான் சொன்னதை மாமா ஏற்கவில்லை. ஒன்பதாவது பாட்டு பாதியில் இருக்கிறது. அண்ணன் வர வேண்டும் என்று மாதம்மாள் அக்காவும், வரவே கூடாது என்று மாமாவும் போனில் சண்டை போடுகிறார்கள். அந்தப் பெண் இண்டூர் தாண்டி நடந்துகொண்டிருக்கிறாள், வீடு இன்னும் கொஞ்ச தூரம். அவள் போய்ச் சேரும் வரை நான் லேப்டாப்பை மூடக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார். நான் மூடவில்லை.